திறப்பும் சாவியும்

"சேர், கொழும்பு நல்லதா, சென்னை நல்லதா?"

சென்ற மாதம் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவன் என்னை மறித்து இப்படிக் கேட்டான். உயர்தரப் பரீட்சையில் தேறி, சென்னையிலுள்ள ஒரு கல்லூரியில் இடம் பெற்று, தனியாகப் புறப்பட இருக்கும் பிள்ளை. இரண்டு நகரங்களையும் கண்டவர் என்ற முறையில் என்னிடம் ஒரு தீர்ப்பை எதிர்பார்த்தான். ஆசிரியரிடம் எதைக் கேட்டாலும் ஒரு விடை கிடைக்கும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமின்றி, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், இருபது வருஷங்களுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு எனக்கு நானே விடை சொல்லிக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது.

நான் சென்னைக்குப் போனது 2003 ஆம் ஆண்டில். அப்பொழுது எனக்கு வயது 23. பட்டப்படிப்பின் இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த காலம். முந்திய வருஷம் பெப்ரவரி மாதத்தில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, கொழும்பு வீதிகளில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. சமாதானம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. என் தாயார் மட்டும் நம்பவில்லை. "மழை சற்றே விட்டிருக்கிறது, அதற்குள் குடையை மடிக்காதே" என்றார். "சென்னைக்குப் போய்ப் பார். மனதுக்குப் பிடித்தால் அங்கேயே மேற்படிப்புக்குச் சேர்ந்துவிடு. தமிழ் பேசினால் ஒருவரும் திரும்பிப் பாராத ஊரில் நீ கொஞ்சக் காலமாவது இருக்க வேண்டும்" என்று சொல்லி, தமது காப்புகள் இரண்டை அடகு வைத்து விமானச் சீட்டுக்குப் பணம் தந்தார். ஆகவே, ஊர் பார்க்கப் போனேன் என்பது பெயருக்குத்தான். ஊர் மாறலாமா என்று பார்க்கவே நான் போனேன்.

எங்கள் வீடு தெமட்டகொடையில், புகையிரதப் பாதைக்கு அண்மையிலுள்ள ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மருதானையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் மலைநாட்டுக்கும் புறப்படும் வண்டிகளெல்லாம் எங்கள் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் அப்பால் செல்லும். என் பாட்டனார் தெமட்டகொடை எஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் கொழும்பு கோட்டையில் ஒரே சீட்டு வாங்கினால் எழும்பூர் வரை போகலாம். இரவு வண்டி தலைமன்னார்க் கரையில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி புகையிரதம். முதல்நாள் மாலை கோட்டையில் ஏறியவர் மூன்றாம் நாள் காலை சென்னையில் இறங்குவாராம். 1914 இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் தனுஷ்கோடி இருந்த பாகத்தை 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிற்று. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980 களில் யுத்தத்தோடு நின்றுபோயிற்று. பாட்டனாருக்குச் சென்னை என்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்தின் மறுமுனை. எனக்கோ அது ஆனந்த விகடனிலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளின் ஊர். மவுண்ட் ரோடும் மயிலாப்பூர்த் தெப்பக்குளமும் கண்ணால் காணு முன்பே எனக்கு மனப்பாடம்.

அடுத்த வீட்டில் ஒரு சிங்கள மூதாட்டி இருந்தார். லொக்கு அம்மா என்று அழைப்போம். பெரியம்மா என்று பொருள். 1983 ஜூலையில் பொரளைப் பக்கமிருந்து கலவரக் கூட்டம் தெமட்டகொடைக்குள் வந்தபோது, எங்கள் குடும்பத்தை இரண்டு இரவுகள் தமது குசினிக்குப் பின்னாலிருந்த விறகறையில் மறைத்து வைத்தவர் அவர். எனக்கு அப்பொழுது மூன்று வயது. நான் அழாமலிருக்க, சீனி தூவிய ரொட்டியை விடாமல் ஊட்டிக்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டுக் கதவை உடைத்தவர்களும் அந்த ஒழுங்கைக்கு முற்றிலும் அந்நியரல்லர் என்று தாயார் சொல்வதுண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமாகாது.

நான் சென்னைக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் லொக்கு அம்மா ஒரு வேண்டுகோள் விடுத்தார். "புதே, பத்தினி அம்மா உங்கள் நாட்டிலிருந்து வந்தவள்தானே! அவளுடைய நல்ல படம் ஒன்று வாங்கி வா."

பத்தினி என்று சிங்கள மக்கள் வழிபடுவது நமது கண்ணகியையே. எனக்குச் சிறுவயதில் அம்மாள் வருத்தம் கண்டபோது, கொழும்புக்கு அப்பாலுள்ள நவகமுவை பத்தினி கோவிலுக்கு லொக்கு அம்மா நேர்த்தி வைத்து, நான் குணமானதும் நடந்தே போய்த் தீர்த்தார். ஆகவே அந்தத் தெய்வத்துக்கு நானும் கடன்பட்டவன். "உங்கள் நாடு" என்ற சொல் மட்டும் சற்று உறுத்திற்று. கள்ளமில்லாமல் சொன்னதுதான், ஆனாலும் உறுத்திற்று.

பாட்டனாருக்கு மூன்று நாள் பிடித்த பிரயாணம் எனக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. அவர் வந்திறங்கிய எழும்பூர் நிலையத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நேரே அங்கே போனேன். 1908 இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன் பெட்டியும் கையுமாகச் சிறிது நேரம் நின்றுவிட்டு, தங்குவதற்கு இடம் தேடினேன்.

முதல் விடுதியில், இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். இரண்டாவதில், அதை இரண்டு விரல்களால் பிடித்துத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவது விடுதியின் முதலாளி என்னை உட்காரவைத்து, இலங்கைத் தமிழர் படும் துன்பங்களைத் தாமே விரிவாக எடுத்துரைத்துக் கண்கலங்கினார். பையனை அனுப்பிக் காப்பி தருவித்தார். நான் குடித்து முடிந்ததும், "தம்பி, உங்களுக்கு ரூம் கொடுத்தா நாளைக்குப் போலீஸ்காரங்க என்னைக் கேப்பாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார். 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொலையுண்ட நாள் முதலாகத் தனியே வரும் இலங்கை வாலிபனுக்கு அறை கொடுக்க விடுதிக்காரர் பலர் தயங்கினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காப்பியும் நன்றாகத்தான் இருந்தது.

ஈற்றில் திருவல்லிக்கேணியில் 'மேன்ஷன்' என்று வழங்கும் ஒரு பிரமசாரிகள் விடுதியில் இடம் கிடைத்தது. வெளியூர்களிலிருந்து உத்தியோகம் தேடி வந்த வாலிபர்கள் ஓர் அறைக்கு மூவர் நால்வராகக் குடியிருக்கும் கட்டடம். வயது முதிர்ந்த மானேஜர் என் கடவுச்சீட்டை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் படித்துவிட்டு, "காலையில என்கூட ஸ்டேஷனுக்கு வந்து பதிவு பண்ணிடணும்" என்றார். சம்மதித்தேன். 14 ஆம் இலக்க அறை என்றார்.

"திறப்பைத் தாருங்கள்" என்றேன்.

"திறந்துதான் இருக்கும், போங்க."

மூன்று மாடி ஏறிப் போனேன். பூட்டியிருந்தது. இறங்கி வந்து, "ஐயா, பூட்டியிருக்கிறது, திறப்பு வேண்டும்" என்றேன்.

"பூட்டியிருந்தா சாவி கேக்க வேண்டியதுதானே, தம்பி! திறப்பு திறப்புன்னா நான் என்னத்தைக் கண்டேன்?"

சாவி என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. நூற்றுக்கணக்கான கதைகளில் படித்ததுதான். ஆனால் களைத்துப்போன வேளையில் வாயில் வருவது வீட்டுச் சொல்லே. மறுநாள் கடையில் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்து, நாட்டு மருந்துக் கடைக்கு வழி காட்டினார். சோப்பு என்றிருக்க வேண்டும். "உங்களோடு கொஞ்சம் கதைக்கலாமா?" என்று ஒருவரைக் கேட்டபோது, நான் ஏதோ கதை கட்டப்போகிறேன் என்று எண்ணி விலகிப் போனார். "நீங்க மலையாளமா?" என்ற கேள்வி நாளுக்கு இருமுறையாவது வந்தது. தமிழைத் தேடிக் கடல் கடந்து போனவனை எந்த மொழிக்காரன் என்று தமிழரே கேட்டால் சிரிப்பதா, அழுவதா? நான் பெரும்பாலும் சிரித்தேன்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்த நகரத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். கடைப் பலகைகளிலும் பஸ்ஸின் நெற்றியிலும் தபாற்கந்தோர் வாசலிலும் தமிழ் எழுத்தைக் கண்டுகொண்டு நடப்பதே எனக்கு ஓர் உற்சவம்போல் இருந்தது. கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு பஸ்ஸில் ஏறியதும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். தமிழைக் காதோடு காதாகப் பேசுவோம். அதை ஒரு பழக்கமென்று நான் அறிந்ததே சென்னையில்தான். திருவல்லிக்கேணிக் கடைத்தெருவில் ஓர் ஆட்டோக்காரரும் ஒரு பழக்கடைக்காரரும் உச்சஸ்தாயியில் சண்டை பிடித்தார்கள். தமிழில் இவ்வளவு உரத்து, இவ்வளவு பயமின்றி வீதியில் நின்று ஏசிக்கொள்ளலாம் என்பது எனக்கு அதிசயமாயிருந்தது. வேலையை மறந்து கால் மணி நேரம் நின்று கேட்டேன்.

பஸ் பிரயாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் தனியார் பஸ்ஸின் நடத்துனர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவுவார். பிறகு நெரிசலைப் பிளந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் வந்து காசு வாங்குவார். மீதிச் சில்லறைக்கு அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னை மாநகர பஸ்ஸில் நடத்துனர் தமது ஆசனத்தைவிட்டு அசைவதேயில்லை. முன்புறம் நின்ற நான் பத்து ரூபாய்த் தாளை என்ன செய்வது என்று விழித்தபோது பக்கத்திலிருந்தவர் அதை வாங்கிப் பின்னால் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். ஏழெட்டுக் கைகள் மாறித் தாள் மறைந்தது. போயிற்று என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து அதே கைகளின் வழியாகச் சீட்டும் சில்லறையும், ஒரு சதம் குறையாமல் திரும்பி வந்தன. முகம் பார்க்காத மனிதர்கள். யாரென்று கேட்காத கைகள். முதல் நாள் விடுதிகளில் பட்ட மனவருத்தத்தில் பாதி அந்த பஸ்ஸில் தீர்ந்தது.

ஆளெண்ணிக்கையைச் சொல்வதானால், 2001 குடிசன மதிப்பின்படி கொழும்பு மாநகரில் சுமார் ஆறரை இலட்சம் பேர்; அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 43 இலட்சத்துக்கு மேல். கொழும்பு 37 சதுர கிலோமீற்றர். சென்னை அப்பொழுது 174. ஆனால் எனக்கு வித்தியாசம் புலப்பட்டது குளியலறையில்தான். அந்த வருஷம் சென்னையில் கொடிய தண்ணீர்ப் பஞ்சம். தெருமுனையில் லாரி வருவதற்கு முன்பே நிறநிறமான பிளாஸ்திக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். விடுதியில் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். முதல்நாள் காலை இதை அறியாமல் நான் தெமட்டகொடையில் குளிப்பதுபோல மூன்று வாளி வார்த்துக் குளித்துவிட்டேன். வெளியே காத்து நின்ற திருநெல்வேலி அன்பர் ஒருவர் காலியான தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் வாசற்படி ஏறும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த மௌனம் நன்றாக உறைத்தது. அன்று முதல் அரை வாளியில் குளிக்கப் பழகினேன்.

மெரினாவுக்கு நான் மாலையில் போனேன். காலிமுகத்திடலில் வளர்ந்த கண்ணுக்குக் கடற்கரை என்றால் அஸ்தமனம். மணலில் வசதியாக உட்கார்ந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, சூரியன் கடலில் இறங்குவதற்காகக் காத்திருந்தேன். வானம் கறுத்ததே தவிரச் சூரியனைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அது எனக்குப் பின்னால், சேப்பாக்கத்துக் கட்டடங்களுக்கு அப்பால் ஊருக்குள் மறைந்துகொண்டிருந்தது! கொழும்பின் கடல் மேற்கே, சென்னையின் கடல் கிழக்கே என்பது புவியியலில் முழுப் புள்ளி வாங்கிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் முதுகுப் பக்கம் சூரியன் மறைந்த அந்த மாலையில்தான், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நெஞ்சில் பட்டது.

பத்தினி அம்மாளின் படத்தை மயிலாப்பூரிலும் தேடினேன், திருவல்லிக்கேணியிலும் தேடினேன். படக்கடைகளில் முருகனும் இலட்சுமியும் குவிந்து கிடந்தார்கள், கண்ணகி இல்லை. "கண்ணகியா? அது பாடப் புஸ்தகத்துலதான் சார் இருக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். சரி, 1968 இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் நிறுவிய சிலையையாவது படம் பிடித்துக் கொடுப்போம் என்று கடற்கரைச் சாலை நெடுகிலும் நடந்தேன். ஒளவையார் இருந்தார்; வள்ளுவர் இருந்தார்; பாரதியார் இருந்தார். கண்ணகியைக் காணவில்லை. 2001 டிசம்பரில் சிலையை அகற்றிவிட்டார்கள் என்று காற்று வாங்க வந்த ஒரு பெரியவர் சொன்னார். (2006 ஜூன் மாதத்தில் அது மறுபடி நிறுத்தப்பட்டது, நான் போனதோ இடைப்பட்ட காலம்.) சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அவனுக்குக் கிடைத்த தரிசனம் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கற்பகாம்பாள் படம் ஒன்றும் குங்குமமும் வாங்கிக்கொண்டேன்.

பொலிஸ் பதிவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வந்த மறுநாளே மானேஜர் என்னை அழைத்துச் சென்றார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். பெரிய புத்தகத்தில் விவரங்களை எழுதிவிட்டு நிமிர்ந்து, "எப்பத் திரும்பிப் போறீங்க?" என்றார். சாதாரணக் கேள்விதான். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இருந்தது. ஆனால் எனக்குக் கொழும்புச் சோதனைச் சாவடிகள் நினைவுக்கு வந்தன. தெமட்டகொடையிலேயே பிறந்து வளர்ந்த என்னை அங்கே நிறுத்தி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பார்கள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்ட நகரம் ஒன்று. எப்போது போவாய் என்று கேட்ட நகரம் ஒன்று. வேறெதில் ஒப்பிட்டாலும் எனக்குக் கணக்கு இங்கே வந்துதான் நிற்கிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், முதுகலை வகுப்புக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கினேன். திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றேன். நான் கேட்ட மாதிரியைக் கொண்டே கடைக்காரர் உற்றுப் பார்த்தார். மலையாளமா என்று கேட்கப்போகிறார் என்று தயாரானேன்.

"சிலோனா தம்பி? ரேடியோவுல பேசுற மாதிரியே பேசுறீங்களே!"

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இளம்பிராயத்தில் இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் இலங்கை வானொலி கேட்டே பொழுது விடிந்ததாம். கே. எஸ். ராஜாவின் குரலை நடித்துக் காட்டினார். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது ஆற்றிக்கொண்டிருந்த தேநீரையே மறந்துவிட்டார். "உங்களுக்குச் சிலோன்ல எந்த ஊரு?" என்றார்.

ஒரு வாரமாகக் 'கொழும்பு' என்று மட்டுமே சொல்லி வந்த நான், "தெமட்டகொடை. அப்துல் ஹமீத் பிறந்ததும் அங்கேதான்" என்றேன்.

அந்தப் பெயரை அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் தவறாகவே வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த நகரில் என் ஊரின் பெயரைச் சொல்லி நான் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் தொண்டையை அடைத்ததும் அப்பொழுதுதான். அந்த மனிதர் அவ்வளவு அன்பாக இராவிட்டால் ஒருவேளை நான் அங்கேயே தங்கியிருப்பேனோ என்னவோ!

கற்பகாம்பாள் படத்தை லொக்கு அம்மாவிடம் கொடுத்து, பத்தினியின் படம் எங்கும் அகப்படவில்லை, இருந்த சிலையையும் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "கோபித்துக்கொண்டு போயிருப்பாள்" என்றார். பிறகு படத்தைப் புத்தர் படத்துக்குக் கீழே மாட்டி விளக்கேற்றினார். 2011 இல் அவர் காலமாகும் வரை அந்தக் கற்பகாம்பாள் அவருக்குப் பத்தினியாகவே இருந்தாள்.

விண்ணப்பப் படிவத்தை நான் அனுப்பவில்லை. தாயார் ஏன் என்று கேட்கவில்லை. காப்புகளை மீட்க மட்டும் இரண்டு வருஷம் சென்றது. 2006 இல் யுத்தம் மறுபடி மூண்டது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பில் தங்குவிடுதிகளில் இருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டு அதை நிறுத்தியது. அன்றிரவு செய்தியைக் கேட்டுவிட்டு, "அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா?" என்றார் தாயார். இருந்தது. தகரப் பெட்டியின் அடியில், திகதி கடந்து, மடிப்புகளில் மஞ்சள் ஏறி இன்றைக்கும் இருக்கிறது.

இவ்வளவையும் அந்த மாணவனிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் அவன் வந்து நின்றபோது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடு, பஸ்ஸில் காசு கொடுக்கப் பயப்படாதே, சூரியனைப் பார்க்க வேண்டுமானால் கடற்கரைக்கு விடியற்காலையில் போ என்றேன். மெரினாவில் கண்ணகி சிலையைக் கண்டால் எனக்கொரு படம் அனுப்பச் சொன்னேன். போகத் திரும்பியவனை மறுபடி கூப்பிட்டு, விடுதியில் திறப்பு என்று கேட்காதே, சாவி என்று கேள் என்று சொல்லி அனுப்பினேன்.